தாத்தாவின் 22 அங்குல சைக்கிளா, அலுமினிய கியர் சைக்கிளா? மின்மோட்டார் பூட்ட எது தகும்?

திருநகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் குடியிருக்கிறேன். அலுவலகம் மாவட்ட ஆட்சியர் வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பசுமலை, பழங்காநத்தம், ஆண்டாள்புரம் மேம்பாலம், பெரியார் நிலையம், சிம்மக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் என்று போனால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வருகிறது. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்கூட்டரை மகள் கல்லூரிக்கு எடுத்துச் செல்லத் தொடங்கியதிலிருந்து நான் சைக்கிளில்தான் போய் வருகிறேன். மார்கழியிலும் தையிலும் அது சுகமாகவே இருந்தது. சித்திரை பிறந்த பிறகு, அலுவலகத்துக்குள் நுழையும்போதே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மாற்றுச் சட்டை போட்டுக்கொள்ள அங்கே தனி இடமும் இல்லை. ஆகவே சைக்கிளை விட்டுவிடாமல் அதிலேயே ஒரு மின்மோட்டாரைப் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னிடம் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, தாத்தா ஓட்டிய 22 அங்குல ஃபிரேம் கொண்ட கறுப்புச் சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக், காட்டர் பின் என்ற ஆணி அடித்த கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) என எல்லாமே பழைய முறையில் இருந்தாலும் ஃபிரேமில் ஒரு நெளிவுகூட இல்லை. மற்றொன்று, கோயம்புத்தூருக்குப் படிக்கச் சென்றுவிட்ட அக்காள் மகன் விட்டுப்போன 26 அங்குலச் சக்கரம் கொண்ட அலுமினிய கியர் சைக்கிள்; முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க்கும் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கும் உள்ளது. மோட்டார், பேட்டரி, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது.

எனக்கு மனம் தாத்தாவின் சைக்கிள் பக்கமே சாய்கிறது. இரும்பு ஃபிரேம் எதையும் தாங்கும் என்று சொல்கிறார்கள். சக்கரத்தின் நடுவிலேயே அமரும் ஹப் மோட்டாரை முன்சக்கரத்தில் வைத்துவிட்டால் செயினையும் பின்சக்கரத்தையும் தொடவே வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். இந்த எண்ணம் சரியா? எத்தனை வாட் மோட்டார் வாங்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பட்டறைக்காரர்:

ஐயா, மோட்டாரைப் பற்றிய கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த இரண்டு சைக்கிள்களையும் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தின் அச்சு எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வைத்த சைக்கிள்கள் என் பட்டறைக்கு வந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் கோளாறு ஏற்பட்டோ பிரேக் போதாமலோதான் வருகின்றன. மோட்டார் எரிந்து வந்தவை குறைவு.

சாதாரணச் சக்கரத்தில் அச்சு சுழல்வதில்லை, அதைச் சுழற்ற முயலும் விசையும் இல்லை. நட்டு இறுக்கமாக இருந்தால் போதும். ஹப் மோட்டாரிலோ அச்சைப் பிடித்துக்கொண்டுதான் மோட்டார் சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும் ஒவ்வொரு கணமும் அச்சு அதே அளவு முறுக்கோடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுப்பதற்காகத்தான் 12 மி.மீ. அச்சின் இரு பக்கங்களையும் 10 மி.மீ. கனத்துக்குத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். டிராப்-அவுட் என்று நாங்கள் சொல்லும் காடியில் அந்தத் தட்டைப் பகுதி இறுக்கமாக அமர வேண்டும். அந்தத் தட்டைப் பரப்பின் அகலம் 6.6 மி.மீ. மட்டுமே. ஒரு சிறிய கியர் ஹப் மோட்டார் கிளம்பும்போது 40 நியூட்டன் மீட்டர் முறுக்குக் கொடுக்கிறது என்று கொண்டால், அந்த ஆறரை மி.மீ. இடைவெளியின் இரு முனைகளிலும் அது ஏறத்தாழ 6,000 நியூட்டன், அதாவது 600 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறுகிறது. இடமும் வலமும் சமமாகப் பகிர்ந்துகொண்டால்கூட ஒரு பக்கத்துக்கு 300 கிலோ. இதை வைத்துக்கொண்டு உங்கள் ஃபிரேமைப் பாருங்கள்.

அக்காள் மகனின் சைக்கிளில் முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி வார்ப்பு உலோகம். அது வளைந்து காட்டாது, நேரே உடையும். அதில் முன் மோட்டார் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது முன்சக்கரம் காடியை விட்டு வெளியேறினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அப்படி விழுந்த ஒருவரின் ஃபோர்க்கை நான் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன், முன் மோட்டார் கேட்டு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக.

தாத்தாவின் சைக்கிளில் வேறு சிக்கல்கள் இருக்கின்றன. இரும்பு எதையும் தாங்கும் என்பது பாதி உண்மை. அந்த ஃபிரேமின் குழாய்களும் மூட்டுகளும் நல்லவைதான், ஆனால் முன் ஃபோர்க்கின் நுனி என்பது தட்டி எடுத்த மெல்லிய தகடு. அதன் இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஹப் மோட்டார்கள் முன்பக்கத்துக்கு 100 மி.மீ., பின்பக்கத்துக்கு 135 மி.மீ. என்ற அளவில் வருகின்றன, பழைய கறுப்புச் சைக்கிள்களில் இரண்டுமே அதைவிடக் குறுகலாக இருக்கும். இரும்பை நிதானமாக விரித்துக்கொள்ளலாம் என்பது மெய். ஆனால் பின்பக்கத்தில் 15 மி.மீ.க்கு மேல் விரிக்க நேர்ந்தால் மட்கார்டு, கேரியர், செயின் நேர்கோடு என்று ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டே போகும். அலுமினியத்தை ஒரு மில்லிமீட்டர்கூட விரிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய தடை கம்பி பிரேக். அந்தப் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஸ்போக்ஸ் கம்பிகள் புறப்படும் பக்கத்தைத்தான் அழுத்துகின்றன. அதற்கென்றே வளைத்துச் செய்த ரிம் வேண்டும். அந்த ரிம்மில் வழக்கமாக முன்பக்கம் 32 துளைகளும் பின்பக்கம் 40 துளைகளும் இருக்கும். ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36. ஆகவே பழைய ரிம்மில் மோட்டாரைக் கோக்க முடியாது. ரிம்மை மாற்றினால் பிரேக்கை மாற்ற வேண்டும், பிரேக்கை மாற்றினால் ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டும், ஏனென்றால் பிரேக் கம்பிகள் அதில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. இத்தனையையும் மாற்றிய பிறகு அதில் தாத்தாவுடையது என்று மிஞ்சுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் குழாய் மட்டும்தான். வேண்டாம் ஐயா, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மீதம் இருப்பது அலுமினியச் சைக்கிளின் பின்பக்கம். காடி நேர் கீழ்நோக்கித் திறந்திருந்தால் நட்டு சற்றுத் தளர்ந்தாலும் ஆளின் எடையே அச்சை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். பின்னோக்கித் திறந்திருந்தால் அந்த வசதி கிடைக்காது. எதுவானாலும் இரண்டு பக்கத்திலும் டார்க் ஆர்ம் போட வேண்டும். 6 மி.மீ. எஃகுத் தகட்டில் அச்சின் தட்டைக்கு ஆடாமல் பொருந்தும் துவாரம் வெட்டி, மறுமுனையை ஃபிரேமின் குழாயோடு இறுக்கிக் கட்டுவதுதான் அது. நம் ஊர் லேத் பட்டறை எதிலும் செய்து தருவார்கள். டிஸ்க் பிரேக்கைத் தக்கவைக்க விரும்பினால், வாங்கும் மோட்டாரில் டிஸ்க் பூட்ட ஆறு போல்ட்டுத் துளைகள் இருக்கின்றனவா என்றும், மோட்டாரின் உடல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் உரசாமல் இருக்குமா என்றும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உரசுவதுதான் வழக்கம்.

என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு சைக்கிளைத் தேடச் சொல்வேன். ஷாக் அப்சார்பர் இல்லாத, 26 அங்குலச் சக்கரமும், ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி பிரேக்கும் உள்ள, இரும்பால் ஆன பழைய கியர் சைக்கிள். இப்போது யாரும் அதை விரும்புவதில்லை என்பதால் மலிவாகக் கிடைக்கும். காந்தத்தை எடுத்துப் போய் ஒட்டிப் பாருங்கள். கூடவே ஒரு நூலையும் எடுத்துப் போங்கள். நூலை ஒரு பக்கப் பின் காடியில் கட்டி, ஹேண்டிலின் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கக் காடிக்குக் கொண்டு வந்து இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நிற்கும் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது என்று பொருள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.


ஓய்வுபெற்ற வாத்தியார்:

பட்டறைக்காரர் ஃபிரேமைப் பற்றிச் சொன்ன பிறகு அதில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. எத்தனை வாட் என்ற கேள்விக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 22, மோட்டாரும் பேட்டரியும் 8, பையும் சாப்பாட்டுக் கேரியரும் 5 என்று மொத்தம் 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது டயர் உருள்வதற்கு எதிரான தடை ஏறத்தாழ 11 நியூட்டன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்குக் காற்றின் தடை ஏறத்தாழ 17 நியூட்டன். இரண்டையும் கூட்டி நொடிக்கு 6.94 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் 190 வாட் கிடைக்கிறது. ஆக, நீங்கள் பெடலைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாலும் பசுமலைச் சாலையில் 250 வாட் போதும். காற்றின் தடைக்கு மட்டும் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது என்பதால், 35 கி.மீ. வேகத்துக்கு ஆசைப்பட்டால் அந்தப் பங்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிவிடும். பேட்டரியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

உங்கள் வழியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஆண்டாள்புரம் மேம்பாலம் ஒன்றுதான். 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் மேசைபோல் தட்டையாக இருக்கிறது. வெள்ளைக்காரன் நம் முழங்காலை எண்ணிப் பார்த்துக் கட்டியதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு. மேம்பாலத்தின் சரிவு நூற்றுக்கு நான்கு என்று கொண்டால், அதற்கு மட்டும் 43 நியூட்டன் கூடுதலாக வேண்டும். 18 கி.மீ. வேகத்தில் ஏறினால் மொத்தம் 310 வாட் ஆகிறது. மோட்டார் 250 கொடுத்தால் மீதி 60 வாட்டை உங்கள் கால்கள் கொடுக்க வேண்டும். அது வீட்டு வாசலில் பேசிக்கொண்டே மிதிக்கும் அளவுதான், வியர்க்காது.

மோட்டார் வகையில் மூன்று இருக்கின்றன. உள்ளே பல்சக்கரங்கள் இல்லாத நேரடி ஹப் மோட்டார் சத்தமின்றி ஓடும், பல்லாண்டு உழைக்கும். ஆனால் ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். பேட்டரி தீர்ந்துவிட்டால் அதன் காந்தங்கள் இழுத்துப் பிடிப்பதால் மிதிப்பதும் கடினம். உள்ளே நைலான் பல்சக்கரங்கள் வைத்து வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் கியர் ஹப் மோட்டார் இரண்டரை, மூன்று கிலோதான். உள்ளேயே ஃப்ரீவீல் இருப்பதால் மின்சாரம் இல்லாதபோது அது இருப்பதே தெரியாது. அடிக்கடி நின்று நின்று புறப்பட வேண்டிய நகரத்துக்கு இதுவே ஏற்றது. மூன்றாவது, கிராங்க் இருக்கும் இடத்தில் பூட்டி, செயின் வழியாகத் தள்ளும் மோட்டார். சைக்கிளின் கியர்களை அது பயன்படுத்திக்கொள்வதால் மலையேற்றத்துக்கு நிகரற்றது. நீங்கள் கொடைக்கானலில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மதுரையின் சமதரைக்கு அந்தச் செலவும், விரைவாகத் தேயும் செயினும் வீண்.

மோட்டார் வாங்கும்போது வாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் கேளுங்கள். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர் போகிறது, 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 201 சுற்றுகள் வேண்டும். 20 அங்குல மடக்குச் சைக்கிளுக்காக வேகமாகச் சுழலும்படி சுற்றிய மோட்டாரை இதில் பூட்டினால், அது தன் வேகத்தை ஒருபோதும் எட்டாமல் கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகிக்கொண்டே இருக்கும்.

பேட்டரிக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். சமதரையில் 190 வாட்டில் 60 வாட்டை நீங்கள் மிதித்துக் கொடுத்தால் மோட்டாரின் பங்கு 130. மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து நூற்றுக்கு 78 பங்கு திறனோடு இயங்கினால், கிலோமீட்டருக்கு 6.7 வாட் மணி ஆகிறது. 13 கிலோமீட்டருக்கு 87. இதோடு நின்று புறப்படும் செலவைச் சேர்க்க வேண்டும். 110 கிலோவை நிலையிலிருந்து 25 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர 0.74 வாட் மணி தேவை; பெரியாரிலிருந்து கோரிப்பாளையம் வரைக்கும் நிற்கும் நிறுத்தங்களை நினைத்து 30 முறை என்று வைத்தால் 22 ஆகிறது; கிளம்பும்போது மோட்டாரின் திறன் குறைவு என்பதால் அதை 37 என்று கொள்ளலாம். ஒரு வழிக்கு 124, போய் வர 248 வாட் மணி. 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 360 இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினால் 288. போதும், ஆனால் எதிர்க்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் மிச்சம் அதிகம் இராது. அலுவலகத்தில் சார்ஜ் செய்ய இயலாது என்றால் 13 ஆம்பியர் மணி வாங்குங்கள்.


ஒத்தக்கடை:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனாலும் பழைய கறுப்புச் சைக்கிளை இப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட்டதை ஏற்க முடியவில்லை. நான் ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கணக்கு எழுதப் போகிறவன். மூன்று ஆண்டுகளாகக் கறுப்புச் சைக்கிளில் மோட்டார் வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஒரு காடியையும் விரிக்கவில்லை, ஒரு ரிம்மையும் மாற்றவில்லை.

நான் வைத்திருப்பது ஹப் மோட்டார் இல்லை. 24 வோல்ட், 250 வாட், கார்பன் பிரஷ் உள்ள சிறிய மோட்டார். பின்சக்கரத்துக்கு முன்னால், செயின் போகும் குழாயில் ஒரு தகட்டைப் பற்றவைத்து அதில் பூட்டியிருக்கிறேன். அதிலிருந்து தனிச் செயின் ஒன்று பின்சக்கரத்தில் உள்ள தனிப் பல்சக்கரத்துக்குப் போகிறது. மோட்டாரின் வெளி அச்சு நிமிடத்துக்கு 300 சுற்று, அதில் 9 பல், பின்சக்கரத்தில் 16 பல். வாத்தியார் ஐயாவின் வழியிலேயே கணக்கிட்டால் சக்கரத்துக்கு 169 சுற்று வருகிறது. 28 அங்குலச் சக்கரத்துக்கு அது 22 கி.மீ. வேகம். உண்மையில் 20 தான் போகிறது. அச்சைத் திருப்பும் விசை காடியில் விழுவதே இல்லை என்பதால் பட்டறைக்காரர் சொன்ன 300 கிலோவும் எனக்குக் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் போடும், தெருமுனையில் நான் திரும்பும்போதே வீட்டில் காப்பி கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிரஷ் தேயும், ஒரு முறை மாற்றினேன். தொடக்கத்தில் தகட்டை வெல்டிங் செய்யாமல் கிளாம்ப் போட்டுக் கட்டியிருந்தேன், அது நழுவி, மேலூர் சாலையில் செயின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கி நான்கு கம்பிகள் போயின. அது என் சோம்பலால் வந்தது, மோட்டாரின் குற்றம் இல்லை. செலவு என்று பார்த்தால், இங்கே பேசப்படும் தொகையில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. எந்தப் பாகம் போனாலும் மோட்டார் ரீவைண்டிங் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கிறது.


பட்டறைக்காரர்:

அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கறுப்புச் சைக்கிளுக்கு ஏதாவது மோட்டார் வைத்தே தீர வேண்டும் என்றால் அந்தச் செயின் மோட்டார்தான் சரி; அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தகட்டைப் பற்றவைக்கும்போது குழாய் மெல்லியது என்பதை மறக்காமல், குறைந்த ஆம்பியரில், புள்ளி புள்ளியாக வைத்து ஆறவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் போக வேண்டிய தூரம் குறைவு, சாலையும் அகலமானது. இவர் மாலை ஆறு மணிக்குச் சிம்மக்கல்லில் பேருந்துகளுக்கு நடுவே நிற்க வேண்டியவர். மிதித்துப் போகும் 16 கி.மீ. வேகத்துக்காகச் செய்ததுதான் கம்பி பிரேக். வேகம் 25 ஆனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 2.4 மடங்கு. ஐப்பசி மழையில் குரோமியம் பூசிய ரிம் நனைந்துவிட்டால் கம்பி பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மழையில் நீங்கள் எப்படிப் போகிறீர்கள்?


ஒத்தக்கடை:

மழையில் மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்துப் போகிறேன். சரி, அந்தப் பிரேக் விஷயத்தில் உங்களோடு வாதிடவில்லை.


கே.கே. நகர் வக்கீல்:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(u) பிரிவின்படி, பெடல் உதவியோடு இயங்கும் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் இருக்க, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (முப்பது நிமிடம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து 25 கி.மீ. வேகத்திலோ, ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தியவுடனோ அறவே நின்றுவிட வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வீட்டில் செய்துகொள்ளும் சைக்கிளுக்கு அந்த ஒப்புதல் இராது. ஆகவே 250 வாட்டுக்குள் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே சமயம், ஏதேனும் விபத்து என்று வந்துவிட்டால் 500 வாட் மோட்டாரும், மிதிக்காமலே கைப்பிடியைத் திருகி ஓட்டும் கை முறுக்கியும் வைத்திருப்பவரின் நிலைமை உங்களைவிட மிகவும் மோசமாக இருக்கும். மிதித்தால் மட்டும் இயங்கும் பெடல் சென்சார் வைத்த மோட்டார் கிட்டையே வாங்குங்கள்.


திருநகர்வாசி:

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்தேன். தாத்தாவின் சைக்கிளில் முன் இடைவெளி 92 மி.மீ., பின் இடைவெளி 117. ரிம்மில் துளைகளை எண்ணினேன், முன்னால் 32, பின்னால் 40, பட்டறைக்காரர் சொன்னபடியே. அலுமினியச் சைக்கிளில் பின்பக்கம் 135 சரியாக இருக்கிறது, ஆனால் காலிப்பர் உட்பக்கம் மிகவும் துருத்திக்கொண்டிருப்பதால் மோட்டாருக்கு இடம் போதாது என்று தோன்றுகிறது. அதோடு, விடுமுறைக்கு வரும்போது தனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும் என்று அக்காள் மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

ஆகவே காந்தத்தையும் நூலையும் எடுத்துக்கொண்டு பழைய சைக்கிள் விற்பவர்களிடம் சென்றேன். நான் நூலைக் கட்டி அளப்பதைப் பார்த்து, ஜாதகம் பார்க்கிறீர்களா என்று ஒரு கடைக்காரர் கேட்டார். மூன்று ஃபிரேம்கள் கோணலாக இருந்தன. நான்காவது, ஷாக் அப்சார்பர் இல்லாத, வி பிரேக் உள்ள இரும்புச் சைக்கிள், இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குள் பொருந்தியது. பின் இடைவெளி 130. காடி நேர் கீழ்நோக்கித் திறக்கிறது. 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். 36 வோல்ட், 250 வாட், 201 சுற்றுப் பின் கியர் ஹப் மோட்டாரை ரிம்மில் கோத்த சக்கரமாகவே வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 130-ஐ 135 ஆக்க ஃபிரேமை வளைத்துத்தான் ஆக வேண்டுமா? அலுவலகத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் கூரை இல்லை. காலை பத்து முதல் மாலை ஆறு வரை வெயிலில் கிடக்கும் பேட்டரிக்கு என்ன செய்வது?


பட்டறைக்காரர்:

இரும்பு என்பதால் 5 மி.மீ. பெரிய பொருட்டே இல்லை, கையால் விரித்துச் செருகினாலே உள்ளே போய்விடும். ஆனாலும் ஒரு முறை பட்டறையில் முறையாக விரித்துக்கொண்டால், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு நாளும் நீங்கள் என்னைத் திட்ட வேண்டியிருக்காது. விரித்த பிறகு நூல் அளவை மறுபடியும் பாருங்கள். இரும்பாக இருந்தாலும் டார்க் ஆர்ம் ஒன்றாவது போடுங்கள். அச்சுக்குள்ளிருந்து வெளியே வரும் ஒயரை நேரே மேலே கொண்டுபோகாமல், முதலில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு மேலே கொண்டுபோங்கள்; மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.


ஓய்வுபெற்ற வாத்தியார்:

வெயிலில் கிடக்க வேண்டியதில்லை. சாவி போட்டுக் கழற்றும் பெட்டியில் வரும் பேட்டரியாக வாங்கி, கையோடு எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு கிலோதான் இருக்கும். லித்தியத்தில் இரண்டு வகை உண்டு. பத்து செல்களை வரிசையாகக் கோத்து, முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் வகை எடை குறைந்தது. பன்னிரண்டு செல்களைக் கோத்து, முழுச் சார்ஜில் 43.8 வோல்ட் காட்டும் இரும்பு பாஸ்பேட் வகை அதைவிடக் கனமானது, ஆனால் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. நாற்பது பாகையைத் தொடும் நம் ஊருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். இரண்டுக்கும் சார்ஜர் வேறு வேறு, ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தவுடனே சார்ஜில் போடாமல், கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியபின் போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.


திருநகர்வாசி:

புரிந்தது, ஐயா. ஃபிரேமை நாளை மறுநாள் விரிக்கக் கொடுக்கிறேன். தாத்தாவின் சைக்கிளுக்குக் காட்டர் பின்னும் பிரேக் கட்டையும் மட்டும் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறேன். திருப்பரங்குன்றத்துக் கடைத்தெருவுக்கு அதில்தான் போகிறேன்.